மேல் லயத்துக் கடிதத்தின் இரண்டாம் பத்தி

இங்கு நான் எழுதப்போகும் சம்பவங்கள் தொடங்கிய வேளையில், எங்கள் பிரதேச சபையின் பிரதம எழுதுவினைஞராகப் பதினொரு ஆண்டுகளை நான் நிறைவு செய்திருந்தேன். கல்லூரியில் உயர்தரம் வரை கற்றவன். அரச கரும மொழித் தேர்வில் சிங்களத்தில் முதல் தடவையிலேயே சித்தியடைந்தவன். வரவுப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்ததில்லை. மாகாணத் தலைமையகத்திலிருந்து பரிசோதனைக்கு வருகின்றவர்கள் முதலில் என் மேசைக்கே வருவார்கள். ‘தர்மலிங்கம் மாத்தயாவின் கோப்பு என்றால் பக்க இலக்கம் சரிபார்க்கத் தேவையில்லை’ என்று அவர்களுள் ஒருவர் சிங்களத்தில் சொல்லிச் சென்றதை நான் வீட்டில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.

இவற்றை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. பின்னால் வருவதைக் கவனயீனம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. கவனயீனமானவனாக நான் ஒருபோதும் இருந்ததில்லை.

சபைக்குப் புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் முகாமைத்துவ உதவியாளர்கள், முன்னைய காலத்தில் வேலைகள் எவ்வாறு நடந்தன என்று எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். நூலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்ததையும், வருமானப் பிரிவிலும் கட்டட வரைபடப் பிரிவிலும் கழிந்த ஆண்டுகளையும் விரித்து எழுதுவதில் பயனில்லை. அந்த ஆண்டுகளில் நான் கற்றது இரண்டு விடயங்கள்தாம். ஒன்று, கடிதம் எங்கே இருக்கிறது என்பதை எந்த நிமிடத்திலும் சொல்லத் தெரிந்திருத்தல். மற்றது, ‘தோட்டத்துக்காரன் தன் ஆட்களுக்குச் சாதகம் செய்கிறான்’ என்று ஒருவரும் சொல்ல இடம் வைக்காதிருத்தல். இரண்டாவதை எனக்கு எவரும் கற்றுக் கொடுக்கவில்லை. நானே கற்றுக்கொண்டேன்.

சபையின் அமைப்பு எளிமையானது. மக்கள் தெரிவு செய்யும் உறுப்பினர்கள் மாதத்துக்கு ஒருமுறை மேல் மாடியில், தவிசாளர் தலைமையில் கூடுவார்கள். நியமனம் பெற்ற நாங்கள் கீழ் மாடியில் இருப்போம். மேலே எடுக்கும் தீர்மானம் கீழே வந்து வேலையாகும். கீழே வரும் கடிதம் மேலே போய்த் தீர்மானமாகும். நடுவே நின்று இரண்டையும் நடத்துகின்றவர் செயலாளர். தெரு விளக்கு, வடிகால், குப்பை அகற்றும் உழவு இயந்திரம், சந்தை, நூலகம், மயானம், நகரக் குடிநீர் ஆகிய எல்லாவற்றுக்கும் உரிய கடிதங்கள் முதலில் என்னிடம் வரும். காலை ஒன்பது மணிக்கு அலுவலக உதவியாளர் சிறிபால தபால் பையை மேசையில் வைப்பார். ஒவ்வொரு உறையையும் நானே பிரிப்பேன். திகதி முத்திரை குத்தி, உள்வரும் பதிவேட்டில் இலக்கமிட்டு, எந்தப் பிரிவுக்கு என்று சிவப்பு மையால் மூலையில் குறிப்பேன்.

தமிழ்க் கடிதங்களுக்கு மட்டும் மேலதிகமாக ஒரு வேலை உண்டு. செயலாளர் திருமதி குணதிலக்கவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகையால் கடிதத்தின் சாரத்தைச் சிங்களத்தில் மூன்று வரிகளுக்கு மேற்படாமல் எழுதி, அதைக் கடிதத்தின் மேல் குண்டூசியால் குத்தி அனுப்புவேன். மூன்று வரிக்குள் அடங்காத தமிழ்க் கடிதம் இல்லை என்பது என் கொள்கை. அந்தச் சுருக்கங்களின் நேர்த்தியை அவரும் பாராட்டியிருக்கிறார்.

எங்கள் எல்லைக்குள் வாழ்ந்தவர்களுள் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்து மக்கள். ஆனால், தோட்டக் குடியிருப்பு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, சபை அதற்குள் வேலை செய்ய முடியாது என்பதே அன்று சட்டத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்த பொருள். பின்னர் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. திருத்துவதற்கு முன், லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வரும் விண்ணப்பங்களை நான் ஒரு தனித் தட்டில் போடுவேன். அவற்றுக்குப் பதில் முன்கூட்டியே அச்சாகியிருந்தது: ‘தங்கள் கோரிக்கை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்புக்கு உட்பட்டதாகையால் அவர்களை அணுகுமாறு அறியத் தருகிறேன்.’ பெயரையும் திகதியையும் நிரப்பினால் போதுமானது.

தோட்டத்திலிருந்து தெரிவான உறுப்பினர் ஒருவர் ஒரு கூட்டத்தில் எழுந்து இப்படிக் கேட்டார்: “எங்க வெரல்ல பூசுற மை மட்டும் உங்க எல்லைக்குள்ள வருது. எங்க வாளி வரமாட்டேங்குது. அதென்னங்க, வெரலுக்கு ஒரு எல்லை, வாளிக்கு ஒரு எல்லையா?” மேல் மாடியே சிரித்தது. கூட்ட அறிக்கையில் நான் எழுதியது: ‘உறுப்பினர் தோட்டக் குடிநீர் தொடர்பாகக் கருத்துத் தெரிவித்தார்.’

திருமதி குணதிலக்க கேகாலையிலிருந்து மாற்றம் பெற்று வந்தவர். மலைக் குளிர் அவருக்குக் கடைசி வரை பழகவில்லை. சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்றை அணிந்து, வெயில் விழும் யன்னலருகே நின்றபடியே கோப்புகளைப் படிப்பார். உட்கார்ந்து படித்து நான் கண்டதில்லை. குறுங்கையொப்பம் இடமாட்டார், எத்தனை கோப்புகள் இருந்தாலும் முழுப் பெயரையும் எழுதுவார். எந்தக் கோரிக்கை வந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: “புளுவன்த, மாத்தயா?” ‘முடியுமா, ஐயா’ என்று பொருள். முன்னைய செயலாளர்கள் ‘சட்டத்தில் இடம் உண்டா’ என்றே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். இவருடைய கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துத் தட்டிலிருந்து ஏதேனும் ஒன்றைக் காட்டி அவர் அப்படிக் கேட்கும்போதெல்லாம் நான் “பேஹே, மேடம்” என்பேன். முடியாது என்று சொல்வதில் ஒரு கண்ணியம் இருப்பதாக அந்நாளில் நான் நம்பினேன்.

அவரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. என் சுருக்கத்தை வாசித்த பின் அந்தத் தாளை உயர்த்தி, கீழே இருக்கும் தமிழ்க் கடிதத்தையும் சற்று நேரம் பார்ப்பார். எழுத்துத் தெரியாதவர் எதைப் பார்க்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். “எழுதியவருடைய கையைப் பார்க்கிறேன்” என்றார்.

எங்கள் நகரத்துக்கான குடிநீர் மலையுச்சியில் உள்ள ஊற்றிலிருந்து வருகிறது. அந்த ஊற்று ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் சபையின் குழாய், அத்தோட்டத்தின் மேல் லயத்துக்குப் பின்புறமாக வந்து, பிள்ளைக் காம்பராவை ஒட்டிச் சென்று நகரத்தை அடைகிறது. பிள்ளைக் காம்பரா என்பது கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் காலையில் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். மேல் லயத்துக்குத் தோட்டத்தார் கட்டிய தண்ணீர்த் தாங்கி வெடித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. நகரத்துக்கு வரும் தண்ணீர் அந்த மக்களின் சுவரோரமாக வந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அதில் ஒரு திருகு குழாயும் இருக்கவில்லை.

ஒரு நாள் தபாலில், பயிற்சிக் கொப்பியிலிருந்து கிழித்த தாளில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று வந்தது. அதை நான் இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன்.

‘மதிப்புக்குரிய பெரிய கிளாக்கர் ஐயா அவர்களுக்கு, மேல் லயம் பிள்ளைக் காம்பரா ஆயம்மா பாக்கியம் எழுதிக்கொள்வது. எங்க பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்துல உங்க பைப்பு ஜொயின்ட் வுட்டுப் போச்சு. டவுனுக்குப் போற தண்ணி ராவும் பகலும் வீணாப் போகுது. யாரும் ஒடைக்கல, துருப்பிடிச்சித் தானா வுட்டுச்சு. வந்து பாருங்க.’

இது முதற் பத்தி. இரண்டாம் பத்தி இது.

‘நாங்க அந்த ஒழுகுற தண்ணியத்தான் வாளியில புடிச்சி பிள்ளைகளுக்குக் குடுக்குறோம். கீழ ஓடைத் தண்ணி மலைக்கு மருந்தடிக்கிற தண்ணி, அது பிள்ளைகளுக்கு ஆகாது. நீங்க ஜொயின்ட்ட அடைக்கிறப்ப அதே எடத்துல ஒரு டெப்பு வச்சிக் குடுத்தீங்கன்னா உங்க தண்ணியும் வீணாகாது, எங்க பிள்ளைகளுக்கும் ஆகும். நீங்க இதே லயத்துல அஞ்சாம் காம்பராவுல பொறந்த புள்ள. பெரிய எடத்துல இருக்குறது எங்க எல்லாருக்கும் பெருமை. அந்த உரிமையில கேக்குறேன்.’

உண்மைதான். நான் அங்கேதான் பிறந்தேன். பதினொரு வயதில் தகப்பனார் என்னைத் தலவாக்கலையில் கடை வைத்திருந்த மாமன் வீட்டில் விட்டார். அங்கிருந்து கல்லூரிக்குச் சென்றேன். அலுவலகத்தில் எல்லோரும் என்னைத் தலவாக்கலை நகரத்தவன் என்றே அறிந்திருந்தார்கள். நான் பொய் சொன்னதில்லை. யாராவது அப்படிச் சொன்னால் திருத்தியதும் இல்லை. பாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் காம்பரா, எங்கள் அறைக்கு இரண்டு அறை தள்ளி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள்.

அந்தக் கடைசி மூன்று வாக்கியங்களைச் சிங்களத்தில் எழுதி, குண்டூசி குத்தி, யன்னலருகே நிற்கும் ஒருவரிடம் கொடுப்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அவற்றை மட்டும் விட்டுவிட்டு எஞ்சியதை எழுதியிருக்கலாம். ஆனால் திருகு குழாய்க்கான கோரிக்கையை எழுதினால், ‘புளுவன்த’ என்ற கேள்வி வரும். தோட்டத்துக்காரருக்கு எப்படிக் கொடுப்பது என்ற பேச்சு வரும். அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. முழுப் பத்தியையும் விடுவதே சுத்தமான வழியாகத் தோன்றியது. நான் எழுதிய சுருக்கம் இது: ‘மேல் லயத்துக்கு அருகே பிரதான குழாயின் இணைப்பு பழுதாகி நகர நீர் வீணாகிறது. உடன் திருத்தும்படி அறிவித்துள்ளார்.’ இரண்டு வரிகள்.

மேடம் அதை வாசித்தார். பின் தாளை உயர்த்திக் கடிதத்தைப் பார்த்தார்.

“ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறார். நீங்கள் இரண்டு வரிதானா?”

“மிச்சமெல்லாம் மரியாதை வார்த்தைகள், மேடம்” என்றேன்.

அவர் முழுப் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டார்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் நஸீர் இடத்தைப் பார்த்துவிட்டு அன்று பிற்பகலே திரும்பி வந்தார். அவர் அட்டனில் கடை வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தமிழும் சிங்களமும் சரளம். எதையும் பாதிச் சிரிப்போடுதான் பேசுவார்.

“சேர், ஜொயின்ட் அரை நாள் வேலை. அந்த ஆயம்மா ஒரு டெப்பும் கேக்குறாங்க.”

“தோட்டத்துக்குள் நாம் வேலை செய்ய முடியாது என்று உங்களுக்குத் தெரியாதா?”

“தோட்டத்துக்குள்ள எதுக்கு சேர்? பைப்பு போடுறப்ப ரெண்டு பக்கமும் மூணடி எடத்தத் தோட்டத்தார் சபைக்கு எழுதிக் குடுத்திருக்காங்கள்ல. ஒப்பந்தம் உங்க அலுமாரியிலதானே இருக்கு. டெப்ப அந்த மூணடிக்குள்ள வச்சா அது நம்ம எடத்துல நம்ம டெப்பு. எவன் கேக்கப் போறான்?”

ஒப்பந்தம் என் அலுமாரியில்தான் இருந்தது. எத்தனையாம் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியும்.

“நஸீர், கோப்பில் கேட்கப்பட்டிருப்பதை மட்டும் செய்யுங்கள்.”

“கடுதாசியில அவங்க கேட்டதே டெப்புதானாமே, சேர்.”

“கோப்பில்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பாதிச் சிரிப்பு அப்போது இருக்கவில்லை. “சரிங்க சேர். ஒழுக்க அடைச்சிர்றேன்” என்று சொல்லிப் போனார்.

மூன்றாம் நாள் இணைப்பு அடைக்கப்பட்டது. அந்த ஆண்டில் எங்கள் சபை மிக விரைவாகச் செய்து முடித்த வேலை அதுதான். மாதாந்த அறிக்கையில் அதை நான் குறிப்பிட்டு எழுதினேன். கடிதம் எழுதியவருக்கு நன்றி தெரிவித்து, அச்சிட்ட படிவமாக அன்றி, தனியாகவே ஒரு பதிலும் தட்டச்சு செய்து அனுப்பினேன். அதை வாசித்தபோது பாக்கியம் என்ன நினைத்திருப்பார் என்பதை எண்ணிப் பார்க்க எனக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதன் பின் பெரு மழைக் காலம் வந்தது. பிள்ளைக் காம்பராவுக்கான தண்ணீரைப் பாக்கியம் கீழ் ஓடையிலிருந்து எடுத்து வந்து கொதிக்க வைத்துக் கொடுத்தார். விறகு நனைந்து அடுப்பு பற்றாத ஒரு வாரத்தில் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. நான்கு குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நால்வரும் பிழைத்து வந்தார்கள். கடவுள் செயல் என்று நான் இன்றும் அதை நினைக்கிறேன். தோட்ட நிர்வாகம், ஆயம்மாவின் கவனயீனம் என்று சொல்லிப் பாக்கியத்தை வேலையிலிருந்து இடைநிறுத்தி, விசாரணைக்கு நாள் குறித்தது. சபையிடம் தண்ணீர் கேட்டு எழுதினேன் என்று அவர் சொன்னதை நிர்வாகம் ஏற்கவில்லை. எழுதியதற்கு ஆதாரம் கொண்டு வரும்படி சொன்னார்கள்.

அவர் ஒரு திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்தார். தலையில் முக்காடாகப் போட்டிருந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன் நின்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர் என்றாலும் அதைவிட மூத்தவராகத் தெரிந்தார்.

“ஐயா, என்னயத் தெரியுதுங்களா?”

“எந்தத் தோட்டம்?” என்று கேட்டேன்.

என் சேவைக் காலத்தில் நான் கேட்ட கேள்விகளுள் மிகவும் இழிவானது அதுதான். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

“மேல் லயமுங்க. பிள்ளைக் காம்பரா ஆயம்மா. நான் எழுதின கடுதாசிக்கு ஒரு கொப்பி வேணுங்க. வெசாரணையில காட்டணும். வெள்ளிக்கெழம வெசாரணை.”

“கடிதத்தின் திகதி?”

“திகதி ஞாபகமில்லீங்க. நீங்கதான் பதில் போட்டீங்க, ரொம்ப நன்றின்னு.”

பதிவேட்டைப் பார்க்காமலே கடிதம் எந்தக் கோப்பில், எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. பிரதி கொடுக்க வேண்டுமானால் செயலாளரின் அனுமதிக்காகக் கோப்பு அவருடைய மேசைக்குப் போக வேண்டும். அங்கே என் இரண்டு வரிச் சுருக்கமும் கடிதத்தின் மேல் குத்தப்பட்டபடியே இருக்கும்.

“தேட வேண்டும். வியாழக்கிழமை வாருங்கள்” என்றேன்.

வியாழக்கிழமை அவர் எட்டரைக்கே வந்து முன் வாங்கில் அமர்ந்தார். கோப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று பத்து மணிக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் போகவில்லை. முற்றத்தில் இருந்த குழாயில் சிறிபால தவிசாளரின் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். பாக்கியம் அவரிடம் பேச்சுக் கொடுப்பது என் மேசை வரை கேட்டது.

“அண்ணே, ஜீப்பு பொறந்த நாளா இன்னைக்கி? இம்புட்டுத் தண்ணி ஊத்துறீங்க.”

சிறிபாலவுக்கு ஓரளவு தமிழ் தெரியும். “நம்ம தண்ணிதானே, அக்கே” என்றார்.

“உங்க தண்ணி எங்க வீட்டுப் பக்கமாத்தான் வருது. போறப்ப ஒரு நாளு நின்னு பேசிட்டுப் போகச் சொல்லுங்க. வாளியக் கொண்டாராம வந்துட்டேன், இல்லாட்டி இங்கனயே நெறச்சிக்கிட்டுப் போயிருப்பேன்.”

சிறிபால உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டே மேடம் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். வாங்கில் இருந்தவரைப் பார்த்து, என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார்.

பாக்கியம் எழுந்து நின்றார். “மகே லியும ஓன, நோனா” என்றார். என் கடிதம் எனக்கு வேண்டும் என்பது அதன் பொருள்.

பத்து நிமிடங்களில் கோப்பு மேடத்தின் மேசையில் இருந்தது. கேட்டவுடன் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். காணாமற்போன கோப்பு அவ்வளவு விரைவில் கிடைத்தது பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. பாக்கியத்தையும் நஸீரையும் அறைக்குள் அழைத்தார். யன்னலருகே சென்று நின்றார். என் சுருக்கத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். கடிதத்தை என் கையில் தந்தார்.

“ஒரு வரி தமிழில் வாசியுங்கள். பிறகு அதையே சிங்களத்தில் சொல்லுங்கள். எல்லாவற்றையும்.”

நான் வாசித்தேன். முதற் பத்தியை முடித்தேன். இரண்டாம் பத்தியில், ஒழுகும் தண்ணீரை வாளியில் பிடிப்பதையும், ஓடைத் தண்ணீர் ஆகாது என்பதையும், அதே இடத்தில் ஒரு டெப்பு வேண்டும் என்பதையும் சொன்னேன். என் சிங்களம் பிழையின்றி வந்துகொண்டிருந்தது. மேடத்தின் பார்வை மேசையில் கிடந்த இரண்டு வரித் தாளில் இருந்தது. ‘எங்க பிள்ளைகளுக்கும் ஆகும்’ என்ற இடத்துக்கு வந்தேன். அடுத்தது அஞ்சாம் காம்பரா.

அங்கே நிறுத்தினேன். கடிதத்தை மடித்தேன்.

அப்போதும்கூட, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த பின்னரும், வேலை போகும் நிலையில் ஒருவர் எதிரே நிற்கும்போதும், அந்த மூன்று வாக்கியங்களை நான் வாசிக்கவில்லை. இதை எழுதவே இந்தக் கட்டுரையை எழுத ஒப்புக்கொண்டேன்.

மடித்த தாளில் மேலும் சில வரிகள் இருப்பதை மேடம் கண்டிருக்க வேண்டும். அவர் என்னிடம் கேட்கவில்லை. எழுதியவரிடம் கேட்டார்.

“எச்சரத, அம்மே?” அவ்வளவுதானா என்று.

நஸீர் தரையைப் பார்த்தார். பாக்கியம் என்னைப் பார்த்தார். தம் கடிதத்தில் என்ன எழுதினார் என்பதும், நான் எங்கே நிறுத்தினேன் என்பதும் அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

“எச்சரய், நோனா” என்றார். அவ்வளவுதான், அம்மா.

மேடம் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “மரியாதை வார்த்தைகள் என்று சொன்னீர்கள், மாத்தயா.”

மடித்த கடிதத்தைக் கோப்பின் மேல் வைத்தேன்.

பிரதி எடுக்கப்பட்டது. ‘மூலத்துடன் ஒப்பிட்டுச் சரியெனக் கண்டேன்’ என்று அதன் கீழே நானே எழுதிக் கையொப்பமிட்டேன். பாக்கியம் அதைத் துவாயின் முனையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வெளியேறினார். பொதுமக்கள் எவரையும் வாசல் வரை வழியனுப்பும் வழக்கம் எனக்கு இருந்ததில்லை. அன்று பின்னால் போனேன். முற்றத்தில் ஜீப்பருகே அவரை மறித்து, “ஏன் அப்படிச் சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“என்னத்தச் சொல்லச் சொல்றீங்க?” என்றார். “அந்த நோனா முன்னுக்கு நீங்க நின்ன நெலயப் பாத்தேன். மூணாம் வகுப்புல வாய்ப்பாடு தெரியாம வாத்தியார்கிட்ட இப்பிடித்தான் நிப்பீங்க.” பிறகு சொன்னார்: “லயத்துல பொறந்ததுல என்னங்க குத்தம் இருக்கு? நானுந்தான் பொறந்தேன். டெப்பு கேட்டதுக்கு இல்லன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தீங்கன்னா, அந்தக் கடுதாசியக் கொண்டு போயி தோட்டத்துத் தொரைகிட்ட நின்னுருப்பேன். நீங்க நன்றின்னு எழுதிட்டீங்க.”

வெள்ளிக்கிழமை விசாரணையில் அவர் அந்தப் பிரதியைக் காட்டினார். தண்ணீர் கேட்டது உண்மை என்று ஏற்றுக்கொண்டார்கள். கவனயீனம் என்ற சொல்லை அறிக்கையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அவரை நிறுத்திய நாளன்றே பிள்ளைக் காம்பராவுக்கு வேறொருவரைப் போட்டிருந்தார்கள். அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. பாக்கியத்தை மறுபடியும் மலைக்கு, கொழுந்து பறிக்க அனுப்பினார்கள். ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த ஒரு பெண், இருபது ஆண்டுகளுக்குப் பின் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினார். அந்த இரண்டு ஆண்டுகளில் வட்டகொடைப் பக்கம் போகும் பஸ்ஸில் நான் செல்லும்போதெல்லாம், அந்த மலை வரும் திருப்பத்தில் மறுபக்க யன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. திருமதி குணதிலக்க ஒரு சுற்றறிக்கை மட்டும் வெளியிட்டார்: தமிழ்க் கடிதங்கள் இனி முழுமையாக மொழிபெயர்க்கப்பட வேண்டும், அதை நூலகப் பொறுப்பாளர் செய்வார், பிரதம எழுதுவினைஞர் மூலத்துடன் ஒப்பிட்டு உறுதிப்படுத்துவார். அதில் காரணம் எழுதப்படவில்லை. அலுவலகத்தில் எவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் மேசைக்கு முன்னால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். மேடம் மாற்றம் பெற்றுச் செல்லும் வரை என்னிடம் “புளுவன்த?” என்று ஒரு தடவையேனும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நஸீரிடம் கேட்கத் தொடங்கினார். பிடிக்காத கேள்வி என்று நான் சொன்ன அதே கேள்வியை, அவர் அடுத்த மேசையில் கேட்பதைக் கேட்டுக்கொண்டு நான்கு ஆண்டுகள் இருந்தேன்.

சட்டம் திருத்தப்பட்ட பின், என் சேவையின் கடைசி ஆண்டில், மேல் லயத்துக்கு ஒரு பொதுக் குழாய் வைக்கும்படி சபை தீர்மானித்தது. நஸீர் அதை ஒரு முற்பகலில் செய்து முடித்தார். வைத்த இடம் பிள்ளைக் காம்பராவுக்கு அருகே, பழைய இணைப்பிலிருந்து ஓரடி தள்ளி, சபைக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட அந்த மூன்றடிக்குள். திருத்தப்பட்ட சட்டம் அதற்குத் தேவைப்படவே இல்லை. கோப்பை மூடும்போது நஸீர் அதை என்னிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

இந்த வகைக் கட்டுரைகளில் மூத்தவர்கள் இளையவர்களுக்கு அறிவுரை சொல்வது வழக்கம் என்று அறிவேன். எனக்கு அந்தத் தகுதி இல்லை. கடிதத்தை முழுமையாக மொழிபெயர்க்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது சுற்றறிக்கையில் இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கை ஏன் வந்தது என்பதைச் சொல்லும் கடமைதான் எனக்கு இருந்தது.

சபை அண்மையில் வெளியிட்ட மலரில் என் படத்தை அச்சிட்டு, அதன் கீழே இவ்வாறு எழுதியிருக்கிறார்கள்: ‘தலவாக்கலை நகரில் பிறந்த இவர், சட்டம் இடங்கொடாத காலத்திலேயே மேல் லயத்து மக்களின் குடிநீருக்காகப் பாடுபட்டு, அதை நிறைவேற்றிய பின்னரே ஓய்வு பெற்றார்.’

இது தவறானது. நான் மேல் லயத்தின் ஐந்தாம் காம்பராவில் பிறந்தேன். சட்டம் இடங்கொடுத்திருந்தது. அந்தத் தண்ணீருக்காகப் பாடுபட்டவர் பிள்ளைக் காம்பரா ஆயம்மா பாக்கியம். அவர் கேட்டதை மேலிடத்துக்குத் தெரியாமல் மறைத்து, இருந்த தண்ணீரையும் அடைக்கச் சொன்னவன் நான்.